மாமி பதில் சொல்லாத கேள்வி

அன்று யன்னல் கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்துக்கொண்டு என்னோடு நின்ற ஐந்து பேருக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் இரண்டு பேர் கனடாவில், ஒருத்தி பிரான்சில், ஒருத்தி திருகோணமலையில், ஒருத்தி இங்கே பேசாலையில். எல்லாருக்கும் ஐம்பது கடந்துவிட்டது. முழங்கால் நோவையும் சீனி வருத்தத்தையும் பற்றித் தொலைபேசியில் கதைக்கிறோம். இது வேறு கதை. இருந்து வாசியுங்கள். அடுப்பில் கறியை வைத்துவிட்டு வாசிக்க வேண்டாம்.

நம் ஊர்ப் பழைய கோட்டுக் கட்டடத்தைத் திருத்திவிட்டார்கள். நீதிமன்றம் என்ற சொல் நம் புத்தகத்தில் இருந்தது; வாயில் இருந்தது கோடுதான். மன்னார் அரிப்புக் கிராமத்துக்குப் பக்கத்தில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, விக்டோரியா மகாராணி காலத்து வெள்ளைக்காரர் முத்துக்குளிப்புச் சண்டைகளைத் தீர்க்கவென்று கட்டியது. முத்து முடிந்த பிறகும் கோடு இருந்தது. நம் காலத்தில் மாதத்தில் இரண்டு நாள் நீதவான் ஜீப்பில் வந்து வழக்குக் கேட்டார். பிறகு யுத்தம். கூரை போனது, கதவு போனது. ஆமி வந்து இருந்தது, ஆமியும் போனது. ஒரு ஆலங்கன்று சாவகாசமாகச் சுவரைப் பிளந்தது. இப்போது ஓடு வேய்ந்து, மஞ்சள் பூசி, பக்கத்திலுள்ள துரை வீட்டையும் சேர்த்து, பழம்பொருள் காட்டும் நூதனசாலை ஆக்கியிருக்கிறார்கள்.

தனியாகத்தான் போனேன். தோட்டவெளியிலிருந்து இரண்டு பஸ். எதற்காகப் போனேன் என்று கேட்டால் காரணம் இல்லை. என்னால் வீட்டில் ஓரிடத்தில் இருக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும்.

முதலில் துரை வீட்டைக் காட்டுகிறார்கள். நமக்கு அந்த வீட்டின் குசினிப் புகை மட்டும்தான் தெரிந்திருந்தது. நீதவான் வரும் நாட்களில் அங்கேதான் மத்தியானம் சாப்பிட்டு இளைப்பாறுவார். உள்ளே என்ன இருந்திருக்கும் என்று நாம் எவ்வளவு பொய் சொல்லியிருப்போம்! பொன்னால் செய்த மலக்கதிரை இருக்கிறது என்று பிரான்சுக்காரி சத்தியம் செய்தாளே, அது மரத்தால் செய்தது. பார்த்துவிட்டேன். நாலு தூண் கட்டில், மணவாட்டியின் முக்காடுபோல நுளம்பு வலை. முத்தைத் தரம் பிரிக்கும் பித்தளைச் சல்லடைக் கிண்ணங்கள், ஒன்றைவிட ஒன்று நுண்ணிய துளையோடு. சிங்கப் பாதம் வைத்த குளிக்கும் தொட்டி. அதற்கு முன்னால் நான் நெடுநேரம் நின்றேன். நல்ல தண்ணீர்க் கிணறு ஒரு மைல் தள்ளி இருந்தது. தொட்டியின் நீளம், அகலம், அது ஏறி வந்த கப்பல் எல்லாம் பலகையில் இருக்கிறது. தண்ணீர் சுமந்த தலை இல்லை.

அந்த எரிச்சலோடுதான் கோட்டுக்குள் போனேன்.

வாசலுக்கு மேலே அந்த இராச முத்திரை அப்படியே இருக்கிறது. ஒரு பக்கம் சிங்கம், மறு பக்கம் கொம்பு வைத்த குதிரை. குதிரையை எங்கே கண்டோம்? தெருவெல்லாம் கழுதை திரிகிற ஊரில் நமக்கு அது கொம்பு முளைத்த கழுதை. உள்ளே வார்னிஷ் மணம். வௌவால் புழுக்கையும் பழைய பசையும் வேர்வையும் கலந்த அந்தப் பழைய மணத்தைத் திருத்த முடியவில்லை போலும்; துடைத்தே விட்டார்கள். நம் காலத்தில் கூரையில் வெறும் சட்டமாகத் தொங்கிய பங்கா விசிறிக்கு இப்போது புதுத் துணி கட்டியிருக்கிறது, கரையில் சரிகை வேறு. நீதவானின் மேடை. வலது பக்கம் சாட்சிக் கூண்டு. குறுக்கே ஒரு சிவப்புக் கயிறு, ஏறக்கூடாது என்று ஒரு சின்னப் பலகை.

கூண்டுக்குப் பக்கத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு வழக்கேட்டின் தாள். ஆங்கிலத்தில், சாய்ந்த கையெழுத்து. கீழே தமிழில் அச்சடித்திருந்தார்கள். கேள்வி: சம்மாட்டி வலை கொண்டு வருவதற்கு முன் அந்தக் கரையில் உமது ஆட்கள் வலை இழுத்ததை உமது கண்ணால் கண்டீரா? அதற்குக் கீழே: சாட்சி பதிலளிக்கவில்லை. தலை குனிந்து நிற்கிறார்.

எல்லாவற்றுக்கும் மேலே மூன்று மொழியில் பெரிய எழுத்தில் தலைப்பு: ‘உண்மையின் முன் வாயடைத்த சாட்சி.’

அந்தச் சாட்சி என் மாமி. அப்பாவின் ஒரே தங்கச்சி.

அந்தத் தலைப்பை அந்தச் சுவரிலிருந்து இறக்காமல் விடுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். ஏன் என்று உங்களுக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நூதனசாலைப் பொறுப்பில் ஒரு பிள்ளை இருக்கிறாள். இருபத்தாறு இருபத்தேழு வயதிருக்கும். நான் ஒரே தாளின் முன்னால் அசையாமல் நிற்பதைக் கண்டு கிட்ட வந்தாள்.

“அன்ரி, ஏதும் தேவையோ?”

“இந்தத் தலைப்பை எழுதினது ஆர் பிள்ளை?”

“மேல இருந்து அடிச்சு வந்தது. ஏன் அன்ரி, எழுத்துப் பிழையோ?”

“எழுத்தில ஒரு பிழையும் இல்லை. இவ வாயடைச்சுப்போய் நிக்கேல்லை. செபம் சொல்லிக்கொண்டு நிண்டவ.”

“கோட்டுக்குள்ளயோ?”

“மணி அடிச்சதல்லோ.”

அவள் என்னைப் பார்த்த பார்வையில், அன்ரிக்கு வெயில் பிடித்துவிட்டது என்ற கவலை இருந்தது. “நாங்கள் உள்நாட்டுப் பக்கம், வயல் ஆக்கள்,” என்றாள். “மணி அடிச்சா என்ன செய்யிறது? எனக்குத் தெரியாது, சொல்லுங்கோ.”

சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் நீங்களும் இப்போது மணி கேட்காத ஊர்களில் இருக்கிறீர்கள்.

நம் ஊர் மாதா கோயில் மணி நண்பகலில் மும்மூன்றாக அடித்து, கடைசியில் நீளமாக ஓடும். திரிகால செபம். முதல் அடி விழுந்ததும் ஊர் நின்றுவிடும். கரைவலை பாதி இழுத்தபடி இருக்கும். வலையின் பை போன்ற மடிக்குள் சூடை மீன் கொதிக்கும். கடல் வலையைத் திரும்பத் தன் பக்கம் இழுக்கும். ஆண்கள் குதிக்காலை மணலில் புதைத்து, கயிற்றை இடுப்புக்குக் கொடுத்து, தலையைக் குனிந்து நிற்பார்கள். மற்ற ஊர்களில் வாய்விட்டுச் சொல்வார்களாம். நம் ஊரில் மனதுக்குள். உதடுகூட அசையாது. காகங்கள் வந்து காயப்போட்ட கருவாட்டைத் தூக்கும். யாரும் கை ஓங்க மாட்டார்கள். காகத்துக்கும் அந்த நேரம் தெரியும்.

கிணற்றடிச் சண்டையை மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டு பெண்கள் ஒருவர் கொண்டையை ஒருவர் பிடித்தபடி மணிக்காக நின்றார்கள். கையை விடவில்லை, கண்ணை மட்டும் மூடினார்கள். செபம் முடிந்தது, சிலுவை போட ஒரு கையை விட்டார்கள், போட்டார்கள், திரும்பப் பிடித்துக்கொண்டார்கள். ‘உன்ர கொம்மாவைக் கேளடி’ என்று விட்ட இடத்திலிருந்து சண்டை தொடர்ந்தது. பேரம் என்றாலும் பாட்டு என்றாலும் அப்படித்தான். மணிக்கு நின்றுபோன பேச்சு மணிக்குப் பிறகு அதே சொல்லில் தொடங்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

அந்த நம்பிக்கையோடுதான் மாமி கூண்டில் ஏறினார்.

வழக்கு கரைத்துண்டு ஒன்றுக்காக. கரைவலை வளைத்து இழுக்க ஒரு இடம் வேண்டும்; அதைப் பாடு என்போம். நம் குடும்பங்கள் சேர்ந்து வைத்திருந்த ஒரே வலை, காலகாலமாக ஒரே பாட்டில் இழுபட்டது. அந்த வருடம் தெற்கிலிருந்து ஒரு சம்மாட்டி, கூலிக்கு ஆள் வைத்து இழுப்பிக்கும் மீன் முதலாளி, பெரிய வலையோடு வந்தார். பாடு தனக்கென்று ஒரு கடுதாசி காட்டினார். எங்களிடம் கடுதாசி இல்லை. கண்ணால் கண்டவர்கள் இருந்தார்கள். ஆனால் ஆண்கள் எல்லாரும் வலையில் பங்குள்ளவர்கள், அவர்கள் சொல் எடுபடாது என்றார்கள். பங்கில்லாமல், சின்ன வயது முதல் தினமும் அந்தக் கரையில் நின்ற ஆள் மாமி. தென்னோலைக் கிடுகு விரித்துக் கருவாடு காயப்போடுவதுதான் அவர் வேலை. அப்போது முப்பது வயது, கலியாணம் ஆகவில்லை. கெட்டகாலம், அந்த வருடம் கைக்காசுக்காகச் சம்மாட்டியின் மீன் வாடியிலும் போய்க் கருவாடு போட்டுக்கொண்டிருந்தார்.

வழக்கு நாள் காலை வீட்டு முற்றத்தில் மாமி கையைச் சாம்பலாலும் தேசிக்காயாலும் தேய்த்துத் தேய்த்துக் கழுவியது எனக்கு நினைவிருக்கிறது. திருநாள் சேலை. தலைக்கு வைத்த எண்ணெயையும் மீறிக் கருவாட்டு மணம் வந்தது.

“கண்டதை மட்டும் சொல்லு,” என்றார் அப்பா. “பதறாதை.”

“எனக்கென்ன பதட்டம்? நான் என்ன களவெடுத்தனானோ?”

“உன்ர வாய்தான் எனக்குப் பயம். நீதவானோட கொழுவிப்போடாதை.”

அப்பா கோட்டுக்கு வரவில்லை. வழக்கு நடக்கிற நாளில் பாட்டைச் சும்மா விட்டால் விட்டுக்கொடுத்தது போலாகும் என்று ஆண்கள் எல்லாரும் வலைக்குப் போய்விட்டார்கள். கோட்டில் பெண்களும் கிழவர்களும் நாமும். வாங்குகள் போதாமல் சனம் சுவரோரம் நின்றது. நாம் ஆறு பேரும் பள்ளிக்குக் கள்ளம் போட்டுவிட்டு, வெளியே கல் அடுக்கி ஏறி யன்னலைப் பிடித்தோம். இரும்புக் கம்பியின் உப்புத் துரு உதட்டில் கரித்தது. துரை வீட்டுக் குசினியில் நண்டு வதங்குகிற மணம் வந்துகொண்டிருந்தது.

சம்மாட்டிக்காக வழக்காட வந்த அப்புக்காத்து கறுப்புக் கோட்டில் வியர்த்து வழிந்தார். எங்கள் பக்கம் அப்புக்காத்து இல்லை. அப்புக்காத்து கேட்பதையும் மாமி சொல்வதையும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கோட்டு மொழிபெயர்ப்பாளரான முதலியார் ஒருவர் நீதவானுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். நீதவான் எழுதினார்.

“நீர் என்ன வேலை செய்யிறனீர்?”

“கருவாடு போடுறனான்.”

“எவ்வளவு காலமா?”

“பால்பல்லு விழுந்த காலம் தொட்டு.”

“எழுத வாசிக்கத் தெரியுமோ?”

“எனக்குத் தெரியும். உங்கட சம்மாட்டிதான் கைநாட்டு.”

சுவரோரம் சிரிப்பு. நீதவான் மேசையில் தட்டினார். சம்மாட்டிகூட மீசைக்குள் சிரித்தார் என்று நினைக்கிறேன்.

“சம்மாட்டியின்ர வாடியிலயும் வேலை செய்யிறீர்தானே?”

“ஓம். காயிற மீனுக்குத் தெரியுமே ஆற்ற கிடுகில கிடக்கிறன் எண்டு?”

மாமி அன்று அழகாக இருந்தார். கூண்டின் மரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வள்ளத்தின் அணியத்தில் நிற்கிற ஆள் மாதிரி நின்றார். அப்புக்காத்துக்குக் கோபம். தாள்களைப் புரட்டினார். குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லாக அந்தக் கேள்வியைக் கேட்டார். சம்மாட்டி வருவதற்கு முன் உங்கள் ஆட்கள் அந்தக் கரையில் வலை இழுத்ததை உம்முடைய கண்ணால் கண்டீரா?

மாமி மூச்சை இழுத்தார். வாய் திறந்தது.

மணி அடித்தது.

மாமியின் வாய் மூடியது. தலை குனிந்தது. சுவரோரம் நின்ற சனம் நின்றபடியே குனிந்தது. நீங்கள் ஐந்து பேரும் கண்ணை மூடினீர்கள். நானும் மூடினேன். ஆனால் பேசாலைக்காரி அந்த நேரம் பார்த்து என் தொடையில் நுள்ளினாள். கண்ணைத் திறந்துவிட்டேன். திறந்த கண்ணைத் திரும்ப மூடவில்லை. அந்தக் கட்டடத்துக்குள் மணிக்குக் கண் திறந்திருந்தவர்கள் ஊருக்குப் புதியவர்கள் மூன்று பேர், வெளியே நான்.

கண்டது இவ்வளவுதான். நீதவான் பேனையைப் பிடித்தபடி மாமியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புக்காத்து இரண்டு கையையும் விரித்து, பாருங்கள் என்பது போலக் காட்டினார். முதலியார் தன் நகத்தைப் பார்த்தார். நீதவானுக்கும் மணி கேட்டது, கைக்கடிகாரத்தைப் பார்த்தார், குசினிப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு இரண்டு வரி எழுதினார். எழும்பிவிட்டார். மணி நீளமாக ஓடி ஓய்ந்து, மாமி சிலுவை போட்டு நிமிர்ந்தபோது நீதவானின் முதுகுதான் தெரிந்தது.

“இறங்கும்,” என்றார் முதலியார்.

“நான் இன்னும் சொல்லேல்லையே.”

“முடிஞ்சுது. இறங்கும்.”

மாமி இறங்கினார். சாப்பாட்டுக்குப் பிறகு கூப்பிடுவார்கள் என்று விறாந்தையில் இருந்தார். சேலை கசங்காமல் நிமிர்ந்து இருந்தார். கூப்பிடவில்லை. வேறு வழக்குகள் போயின. பொழுது சாய நீதவானின் ஜீப் போனது.

அடுத்த மாதம் தீர்ப்பு. அப்பா போயிருந்தார். ஒரே பெண் சாட்சி, முக்கியமான கேள்விக்கு வாய் திறக்கவில்லை என்று முதலியார் தமிழில் சொன்னார். பாடு சம்மாட்டிக்கு. அப்பா வீட்டுக்கு வந்து போட்டிருந்த சேட்டைக் கழற்றாமலே மாமியைக் கூப்பிட்டார்.

“கேட்டவையோ இல்லையோ?”

“கேட்டவை.”

“சொன்னியோ?”

“சொல்லமுன்னம் இறங்கச் சொல்லிப்போட்டினம் அண்ணை.”

“ஊருக்கெல்லாம் இருக்கிற வாய் அங்க எங்க போனது? ஆற்ற வாடியில உலை வைக்கிறாய் எண்டு எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ?”

மணி அடித்தது என்று மாமி சொல்லவில்லை. கோட்டில் நின்ற ஒருவரும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இத்தனை வருடம் கழித்து யோசித்தால் எனக்கு ஒரு பதில்தான் கிடைக்கிறது: எங்களுக்கு அது ஒரு சங்கதியாகவே படவில்லை. எல்லாரும் சேர்ந்து மௌனமாக நின்றதில் ஒருவரின் மௌனத்தை மட்டும் எடுத்து யாரோ எழுதிக்கொண்டார் என்று யாருக்குத் தோன்றும்? சம்மாட்டியும் அன்று தலை குனிந்துதான் நின்றார். நம் வேதக்காரர்தான். அவருக்கு விளங்கியிருக்குமா? விளங்கியும் வாயை மூடிக்கொண்டாரா? அதைச் சொல்ல என்னிடம் சாட்சி இல்லை, சொல்ல மாட்டேன்.

நான் கண்டதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் செப நேரத்தில் கண் திறந்தது பாவம். அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். கண்ணைத் திறந்ததற்காக ஐந்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார் சுவாமி. திறந்த கண்ணால் என்ன கண்டாய் என்று அவர் கேட்கவில்லை. நானும் அதோடு முடிந்தது என்று விளையாடப் போய்விட்டேன்.

பிறகு நடந்ததெல்லாம் நீங்கள் பார்த்ததுதான். வலையை வெயிலில் உலர்த்திச் சுருட்டி எங்கள் கொட்டிலில் போட்டார்கள். எலி தின்றது. அதன் மிதவைக் கட்டைகளை அறுத்து நாம் படகு செய்து விளையாடினோம். அப்பா ஒரு நாள் அதைக் கண்டு, அடிக்காமல், திரும்பிப் போனார். குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. சம்மாட்டியின் உப்பைத் தின்றவள் என்று ஊர் சொல்ல, மாமி தலைமன்னாருக்குப் போனார். அங்கே ஒரு ரயில்வேக்காரரைக் கட்டினார். அப்பா கலியாணத்துக்குப் போகவில்லை. கடைசியாக அப்பா படுக்கையில் கிடந்தபோது மாமி பாரைக் கருவாடு சுற்றி அனுப்பினார், அப்பாவுக்குப் பிடித்தது. பொதியை அவிழ்க்காமலே திருப்பி அனுப்பச் சொன்னார் அப்பா. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். செத்த வீட்டுக்கு வந்தும் மாமி படலைக்குள் வரவில்லை. தெருவில் நின்று சிலுவை போட்டுவிட்டுப் போனார்.

இதையெல்லாம் நூதனசாலைப் பிள்ளையிடம் சொல்லி முடித்தபோது அவள் தன் கதிரையை எனக்குத் தந்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

“தலைப்பை நானாக் கழட்ட ஏலாது அன்ரி,” என்றாள். “ஆனா வாய்மொழிப் பதிவெண்டு ஒரு படிவம் இருக்கு. சம்பந்தப்பட்டவ வந்து சொன்னா நான் எழுதி மேல அனுப்புவன். கூட நிண்ட ஆக்களின்ர கடிதமும் இருந்தா அவையளால தட்டேலாது.”

கூட நின்றவர்கள் நீங்கள். அதனால்தான் நடுச்சாமமா விடியலா என்று பார்க்காமல் எல்லாருக்கும் தொலைபேசி எடுத்தேன். கனடாவில் ஒருத்தி, “எனக்கு அந்த நாளே ஞாபகம் இல்லையடி,” என்றாள். ஞாபகம் இல்லை என்றே எழுது. இல்லாததை எழுத வேண்டாம். மணி அடித்தால் நாம் என்ன செய்வோம் என்பது ஞாபகம் இருக்கும், அதை எழுது. பேசாலைக்காரி மட்டும் உடனே சொன்னாள்: “நுள்ளினது நான்தான். அதையும் போட்டு எழுதித் தாறன்.” அவள் கடிதம் வந்துவிட்டது. மற்ற நாலும் வர வேண்டும். வரும்வரை விட மாட்டேன். தலைப்பு இன்னும் சுவரில் இருக்கிறது. மேலிடத்திலிருந்து பதில் இல்லை. அது இறங்கும்வரை நான் பஸ் ஏறிக்கொண்டே இருப்பேன்.

இனி மாமி வந்த நாளைச் சொல்கிறேன்.

தலைமன்னாரில் மாமி தொலைக்காட்சியில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லத் தொடங்கியும் நிற்பாட்டவில்லை. மணி என்ற சொல் வந்ததும் திரும்பினார்.

“மணியோ?”

“ஓம் மாமி. கேள்வி கேட்டு, நீங்கள் வாய் திறக்க, மணி அடிச்சது.”

“அடிச்சதுதானே. ஏன், அவருக்குக் கேக்கேல்லையோ?”

“கேட்டது. அவருக்கு அது சாப்பாட்டு நேரம். நீங்கள் பதில் சொல்ல ஏலாமல் தலையைக் குனிஞ்சிட்டியள் எண்டு எழுதிப்போட்டார்.”

மாமி சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்தது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“பிறகு கேப்பினம் எண்டு இருந்தனான்,” என்றார். “விறாந்தையில பசியோட இருந்தனான். வேறென்னவோ பிழையா வாயில வந்திட்டுதாக்கும் எண்டுதான் இவ்வளவு காலமும்...” தொலைக்காட்சியை நிற்பாட்டினார். “அண்ணை இதறியாமப் போயிட்டான்.”

“நான் கண்டனான் மாமி. கண் திறந்திருந்தனான். சொல்லியிருக்கலாம்.”

“பத்து வயசில நீ என்னத்தைக் கண்டாய்?” என்று என் தலையில் ஒரு குட்டு வைத்தார். நோகத்தான் வைத்தார். “வான் ஒண்டை வாடகைக்குப் பிடி.”

“நாளைக்குப் போவம். இண்டைக்குப் பூட்டியிருப்பினம்.”

“விடிய வா. சேலையோட நிப்பன்.”

நின்றார். துரை வீட்டை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. கொம்புக் கழுதைக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போனார். பிள்ளை படிவத்தோடும் கதிரையோடும் வந்தாள்.

“அம்மா, கந்தோர் அறைக்குள்ள இருந்து ஆறுதலாச் சொல்லலாம், வாங்கோ.”

“இருந்துகொண்டு சொல்லுறதுக்கு இது கதையோ? கேட்ட இடத்தில நிண்டு சொல்லுறன்.”

பிள்ளை சிவப்புக் கயிற்றைப் பார்த்தாள். ஏறக்கூடாது என்ற பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கயிற்றின் கொளுக்கியைக் கழற்றினாள். மாமி படியில் ஏற நான் கை கொடுக்கப் போனேன், தட்டிவிட்டார். கூண்டின் மரத்தை இரண்டு கையாலும் பிடித்தார்.

“கேள்,” என்றார்.

பிள்ளை கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்து வாசித்தாள். சம்மாட்டி வலை கொண்டு வருவதற்கு முன் அந்தக் கரையில் உமது ஆட்கள் வலை இழுத்ததை உமது கண்ணால் கண்டீரா?

“ஓம். கண்டனான். ஒருக்கா ரெண்டுதரம் இல்லை. எனக்கு எட்டு வயசில எங்கட ஐயா புது வலை இறக்கினவர். அதே பாட்டில. சுவாமி வந்து தண்ணி தெளிச்சவர். நான் கிடுகு விரிச்சனான். வடக்குக் கயித்தில பன்னிரண்டு பேர், தெற்குக் கயித்தில பதினொரு பேர். முதல் மடியில முழுக்கச் சூடை. நடுவில ஒரு திருக்கை வந்து ஒராளின்ர காலில குத்திப்போட்டுது. அண்ணைக்குப் பதினாலு வயசு. தெற்குக் கயித்தில கடைசி ஆள் அவன்தான். கை உரிஞ்சு ரத்தம் வர வர இழுத்தவன். அதுக்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் கண்டனான். சம்மாட்டியை அப்ப ஒருத்தருக்கும் தெரியாது.”

பிள்ளை வேகமாக எழுதினாள். எழுதி முடித்துப் பேனையை மூடினாள். மாமி இறங்கவில்லை.

“அம்மா, முடிஞ்சுது. இறங்கலாம்.”

“வாசி.”

“என்னம்மா?”

“எழுதினதை வாசிச்சுக் காட்டு. அண்டைக்கு மற்றச் சாட்சியளுக்கு வாசிச்சுக் காட்டித்தான் ஒப்பம் வாங்கினவை. எனக்கு ஒருத்தரும் வாசிக்கேல்லை.”

பிள்ளை வாசித்தாள். மாமி கண்ணை மூடாமல் கேட்டார். வடக்கிலும் தெற்கிலும் பன்னிரண்டு பேர் என்று வந்த இடத்தில் கையை உயர்த்தினார்.

“தெற்கில பதினொண்டு. பன்னிரண்டு எண்டு நான் சொல்லேல்லை.”

“ஒராள்தானே அம்மா, பரவாயில்லையே?”

“திருக்கை குத்தினவரும் தெற்குக் கயித்து ஆள் எண்டு நினைச்சு அவரையும் சேர்த்திட்டாய். அவர் வடக்கில. தெற்கில முதலே ரெண்டு பேர் குறைவு. அதாலதான் அண்ணையைப் பள்ளிக்கு விடாமல் கயித்தில விட்டது, அவனோடதான் பதினொண்டு. வெட்டிப்போட்டு எழுது.”

பிள்ளை வெட்டினாள். பதினொரு பேர் என்று எழுதினாள். பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டாள். திரும்ப முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். மாமி பேனையை வாங்கி, கூண்டின் மரத்தில் தாளை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் முழுப் பெயரையும் எழுதினார். எழுதியதை ஒரு தரம் வாசித்துப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் இறங்கினார்.